சாட்சியாதலும் நடுகல்லும்: ‘டீமன்ஸ் ஆஃப் தி பஞ்சாப்’

1963இல் தொடங்கிய பிபிசியின் காலப்பயணத் தொடர் ‘டாக்டர் ஹூ’. வினய் படேல் எழுதி 2018 நவம்பர் 11இல் ஒளிபரப்பான இப்பகுதி, 1947 ஆகஸ்டில் பிரிவினைக் கோடு வரையப்படும் நாளில் நிகழ்கிறது. இசுலாமியப் பெண் உம்ப்ரீனை மணந்த இந்து இளைஞன் பிரேம், தன் தம்பி வரவழைத்த ஆயுதக் குழுவினரால் கொல்லப்படுகிறான். அவனைக் காத்தால் உம்ப்ரீனின் பேத்தி யாஸ் பிறவாள். எனவே டாக்டர் விலகிச் செல்கிறார். கொலையாளிகள் எனக் கருதப்பட்ட தீஜாரியர் என்னும் வேற்றுக்கோளினரோ, தனித்து இறப்போருக்குச் சாட்சியாக நிற்பவர்கள்.

தொல்காப்பியம் சுட்டும் நடுகல் துறைகள் காட்சியில் தொடங்கி வாழ்த்தலில் முடிவன. அங்குக் காணப்படுவது கல், இங்குச் சாவு. பிரேமும் உலகப்போரில் பொருத படைவீரனே. ஆயினும் கல்நட ஊர் ஒன்றாயில்லை. மணநாளில் உடைந்த அவனது கைக்கடிகாரமே உம்ப்ரீனிடம் எஞ்சி, யாஸிடம் சேர்கிறது.