சோல்ஜரும் சிப்பாயும்

கூட்டேரிப்பட்டுச் சாலைச் சந்திப்பில் நிற்கும் சரித்திரம் கற்றவனுக்கு, பழைய யுத்தகளம் ஒன்றின் நடுவே நிற்பதாகவே தோன்றும். வடமேற்கே செஞ்சிக் கோட்டை, தென்கிழக்கே புதுவை, வடக்கே, 1760 ஜனவரி 22-இல் பிரெஞ்சுக்காரரின் ஆசையில் மண் விழுந்த வந்தவாசி. அன்னியர் இருவர் நம் மண்ணுக்காகப் போரிட்ட காலத்தில், இரு தரப்பிலும் நின்று உயிர்விட்டவர்களில் நம்மவர் அநேகர். அவர்களை ஆங்கிலேயன் ‘சோல்ஜர்’ என்று எழுதினானில்லை. ‘சிப்பாய்’ என்றே எழுதினான். முன்னது வெள்ளையனுக்கு, பின்னது நம்மவனுக்கு.

இவ்விரு சொற்களின் பிறப்பை ஆராய்ந்தால் வேடிக்கையாக இருக்கிறது. ‘ஸிபாஹ்’ என்றால் பாரசீகத்தில் சேனை. ‘ஸிபாஹி’ சேனையைச் சேர்ந்தவன். துருக்கியில் அது குதிரைவீரனுக்குரிய கௌரவமான பெயர். ‘சோல்ஜர்’ என்பதோ ‘சோலிடஸ்’ என்ற ரோமாபுரிப் பொற்காசின் வழியில் வந்தது. காசுக்குச் சேவகம் செய்பவன் என்பதே அதன் மூலப் பொருள். ஆகவே, கூலிப்படை என்ற பட்டம் சொல்லளவில் யாருக்குப் பொருந்தும் என்பதை நேயர்களே தீர்மானிக்கலாம்! 1857-இல் வங்காளச் சேனையின் காலாட்சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 7 ரூபாய். தலை நரைத்த சுபேதாரும், நேற்று வந்திறங்கிய வெள்ளை வாலிப அதிகாரிக்குக் கீழ்ப்பட்டவரே.

அன்றாட ஆங்கிலத்திலும் இந்தப் பாரபட்சம் தொடர்கிறது. துன்பத்தில் தளராது காரியத்தைத் தொடர்பவனை ‘சோல்ஜர் ஆன்’ செய்கிறான் எனப் புகழ்வார்கள். கட்சித் தொண்டரை ‘ஃபுட் சோல்ஜர்’ என ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதுகின்றன. (அமெரிக்கத் தொழிற்சாலைகளில் ‘சோல்ஜரிங்’ என்றால் வேலை செய்வதாகப் பாசாங்கு செய்வது என்றும் ஒரு காலத்தில் பொருள் இருந்தது, அதை யாரும் நினைவூட்டுவதில்லை.) ‘சிப்பாய்’ என்ற சொல்லுக்கு அப்படியொரு புகழ்ச்சிப் பிரயோகம் ஆங்கிலத்தில் ஏற்படவேயில்லை. தூரத்து அர்ஜென்டினாவிலோ ‘சிபாயோ’ என்பது, அன்னியருக்கு அடிமைத் தொண்டு செய்யும் சுதேசியை ஏசும் வசவாகவே வழங்குகிறது.

அந்த வசவு முழு நியாயமாகுமா? 1806 ஜூலை 10-ஆம் தேதி விடியுமுன், வேலூர்க் கோட்டையில் வெள்ளையர் மீது துப்பாக்கியைத் திருப்பியவர்கள் இதே சிப்பாய்கள்தாம். நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது, புதுமாதிரித் தலைப்பாகை அணியவேண்டும் என்ற உத்தரவுகளைப் பொறுக்காத அவர்கள், கோட்டையில் திப்புவின் கொடியை ஏற்றினார்கள். ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி விரைந்து வந்து அவர்களைக் கொன்று குவித்தான். அதற்கு ஆங்கிலேயன் ‘மியூட்டினி’ என்று பெயரிட்டான்; எஜமானனுக்கு வேலைக்காரன் கீழ்ப்படியாத குற்றம் என்ற தொனி அதில் உண்டு. நம்மவரும் ‘சிப்பாய்க் கலகம்’ என்று அதை அப்படியே மொழிபெயர்த்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போதித்தோம். எஜமானன் யார் என்ற கேள்வியை அம்மொழிபெயர்ப்பு கேட்கவில்லை.

சுதந்திரத்துக்குப் பின்னும் இந்தியச் சேனை தன் காலாட்படையின் முதற்படி வீரனை ‘சிப்பாய்’ என்றே அழைக்கிறது. அதை மாற்றவேண்டுமென நாம் சொல்லமாட்டோம். சொல் நம்மிடம் திரும்பி வந்துவிட்டது. ‘கலகம்’ என்பதைத்தான் பாடப்புத்தகங்களில் எங்கே கண்டாலும் அடித்துத் திருத்தவேண்டும்.