ஸ்க்வாடுக்கு நாலாவது ஆள் தேடுறீங்களா? அந்த கியூஆர் கோடை மட்டும் ஸ்கேன் பண்ணாதீங்க!

ராத்திரி பத்தரை மணி. ஆபீஸ் லேப்டாப்பை மூடிவிட்டு பிஜிஎம்ஐ திறந்தால் ஸ்க்வாடில் மூணு பேர்தான். நாலாவதாக கேமே சேர்த்துவிடும் 'ரேண்டம்' ஆள் மைக்கில் கத்துவார், இல்லையென்றால் பாதியில் காணாமல் போவார். (சில நாள் அந்த 'ரேண்டம்' நாமாகவும் இருந்திருப்போம், அது வேற கதை.) அதனால்தான் பலர் டிஸ்கார்டில் டீம் தேடுகிறார்கள்.

2015-ல் வந்த இந்த ஆப்பில் ஒவ்வொரு கேமுக்கும் தனித்தனி 'சர்வர்'கள் உண்டு. ஆள் தேடுவதற்கென்றே பல சர்வர்களில் 'எல்எஃப்ஜி' சேனல் இருக்கும். அதில் "யாராச்சும் வர்றீங்களா?" என்று மட்டும் போட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். "டயமண்ட் ராங்க், சப்போர்ட், 10 டு 12, தமிழ், மைக் இருக்கு" என்று போட்டுப் பாருங்கள்.

சரி, சிக்கல் எங்கே? புதிதாக ஒரு சர்வரில் நுழைந்ததும் ஒரு பாட், "நீங்க மனுஷன்தான்னு வெரிஃபை பண்ண இந்த கியூஆரை டிஸ்கார்ட் ஆப்பில் ஸ்கேன் பண்ணுங்க" என்று கேட்கும். டீக்கடையில் பத்து ரூபாய்க்கே ஸ்கேன் பண்ணிப் பழகிய கை, யோசிக்காமல் போனை நீட்டிவிடும். உண்மையில் அது கம்ப்யூட்டரில் லாகின் செய்வதற்கான கோடு. நீங்கள் ஸ்கேன் செய்து ஓகே கொடுத்தால், உங்கள் அக்கவுன்ட் எதிராளியின் கம்ப்யூட்டரில் திறந்துகொள்ளும். பாஸ்வேர்டும் கேட்காது, ஓடிபியும் கேட்காது. டூ ஃபேக்டர் போட்டிருக்கிறோமே என்ற தைரியம் இங்கே உதவாது. அடுத்து உங்கள் பெயரிலேயே உங்கள் நண்பர்களுக்கு லிங்க் போகும். உங்களை நம்பி அவர்களும் கிளிக் செய்வார்கள்.

அதனால் சர்வர் லிங்க்கை கேமின் அதிகாரப்பூர்வ தளத்திலிருந்தே எடுங்கள். சேர்ந்த கையோடு அந்த சர்வரின் பிரைவசி செட்டிங்ஸில் டைரக்ட் மெசேஜை ஆஃப் செய்துவிடுங்கள். "கம்மி விலைக்கு யூசி தர்றேன்" கோஷ்டி பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வரும்.

டீம்மேட்டை எடைபோட, தோற்ற மேட்ச்சுக்கு அப்புறம் அவர் எப்படிப் பேசுகிறார் என்று கவனியுங்கள். நாலைந்து நாள் சேர்ந்து ஆடும்வரை போன் நம்பர், ஆபீஸ், ஏரியா எதுவும் வேண்டாம்.

ஏற்கெனவே ஸ்கேன் பண்ணிட்டீங்களா? உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள். திறந்திருக்கும் எல்லா லாகினும் அதோடு வெளியேறிவிடும். நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால், போன பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு அதிகம்.