மழை ஊரில் கறித்தூள்

வட்டவளையைத் தாண்டிப் புகையிரதம் றொசல்லயை நெருங்கும்போது பலர் யன்னலை இழுத்து மூடிவிடுவார்கள். வெயில் எரிக்கும் நாளிலும் ஒரு வளைவு திரும்பியதும் மூடுபனி வந்து முகத்தில் அடிக்கும். இலங்கையில் மிக அதிகமாக மழை பெறும் இடங்களில் வட்டவளைப் பகுதியும் ஒன்று. தேயிலைக் கொழுந்துக்கு இது நல்லது. செத்தல் மிளகாய்க்கு நல்லதல்ல.

வவுனியாப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து, தோட்டத்திலுள்ள உறவினரை நம்பி வந்து தங்கிய ஒரு தாயின் வீட்டில் இதை நாம் நேரில் கண்டோம். வரும்போது இரண்டு கிலோ செத்தல் மிளகாய் கொண்டுவந்திருந்தார். சொந்தக் காணியில் விளைந்தது. அங்கே செய்ததைப் போலவே இங்கும் சாக்கில் பரப்பிக் காயவைத்தார். மூன்று நாட்களாக வெயிலே இல்லை. நான்காம் நாள் ஒரு மிளகாயைப் பிய்த்துப் பார்த்தபோது உள்ளே சாம்பல் நிறத்தில் பூஞ்சணம். "எறிய மனசு வரல்லைங்க. வறுத்து இடிச்சா சரியாப் போயிரும்னு நெனச்சேன்" என்றார்.

சரியாகிவிடாது. பூஞ்சணம் பிடித்த மிளகாய், கச்சான், சோளம் போன்றவற்றில் அஃப்ளாடொக்சின் என்னும் நஞ்சு உண்டாகலாம். அது ஈரலைக் கெடுப்பது. கழுவினால் போகாது, அடுப்பில் வறுக்கும் சூட்டிலும் முற்றாக அழியாது. நாம் அவருக்கு இதைச் சொன்னபோது எமக்கே சங்கடமாக இருந்தது. கடைசியில் இரண்டு கிலோவும் குப்பைக் குழிக்குப் போயிற்று.

இத்தனைக்கும் அவர் மிளகாய் அறியாதவர் அல்லர். 1977, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களில் தோட்டங்களை விட்டு வெளியேறி, வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறிய மலையகக் குடும்பங்களை வாசகர்கள் அறிவீர்கள். உங்களிற் சிலர் அந்தக் குடும்பங்களைச் சேர்ந்தவர்களே. வடக்கில் மிளகாய் என்பது வெறும் கறிச்சரக்கு அல்ல. 1970களின் முற்பகுதியில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோது மிளகாயும் வெங்காயமும் செய்தவர்கள் கல்வீடு கட்டினார்கள். 1977இன் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் விலை சரிந்தது. அதற்குப் பின்னர் போர். இன்று நாட்டில் விற்கப்படும் செத்தல் மிளகாயிற் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து வருவது. மிளகாய் விளைவித்த கைகள் இப்போது பைக்கற்றில் தூள் வாங்குகின்றன. அதுவும் நூறு கிராம், ஐம்பது கிராம் என்று சில்லறையாக. சில்லறையாக வாங்குபவரே எப்போதும் கூடுதல் விலை கொடுப்பவர் என்பதைக் கூட்டிக் கழித்துக் காட்டத் தேவையில்லை.

மலையகத்தில் பழைய வழக்கம் தூள் அல்ல. மிளகாய், மல்லி, சீரகம், மிளகு, பூண்டு எல்லாவற்றையும் தண்ணீர் தெளித்து அம்மியில் அன்றன்றைக்கு அரைப்பதே. திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து முன்னோர் கொண்டுவந்த பழக்கம் அது. வடக்கிலோ வெயிலில் உலர்த்தி, வறுத்து, உரலில் இடித்து, பேணி நிறையத் தூள் வைத்துக்கொள்வார்கள். இரண்டும் அவ்வவ் ஊரின் வானத்துக்கு ஏற்ற முறைகள். மழை ஊரில் சரக்கு காயாது, ஆகவே அரைத்தார்கள். ஆனால் விடியற்காலையில் கொழுந்துக்கு ஓடும் பெண்ணுக்கு அம்மியில் குந்த நேரமில்லை. இடம்பெயர்ந்து வந்தவருக்கு அம்மியே இல்லை. மூட்டை கட்டும்போது குளவியைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் எவருமில்லை. எனவே தூள்தான் வேண்டும். வெயில் செய்த வேலையை இங்கே அடுப்பு செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

நாம் சில வீடுகளில் செய்து பார்த்த அளவு இது: செத்தல் மிளகாய் 200 கிராம், மல்லி 200 கிராம், பெருஞ்சீரகம் 40 கிராம், சின்னச்சீரகம் 20 கிராம், மிளகு 20 கிராம், வெந்தயம் 10 கிராம், காய்ந்த மஞ்சள் துண்டு 10 கிராம், இரண்டு கைப்பிடி கறிவேப்பிலை. ஏறத்தாழ அரைக் கிலோ தூள் கிடைக்கும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் மிளகாயை 100 கிராமாகக் குறைத்து மல்லியை 300 கிராமாகக் கூட்டுங்கள். வடக்கில் ஐந்து கிலோ இடித்து வைத்தவர்களுக்கு அரைக் கிலோ என்பது கேலியாகத் தோன்றும். இந்த ஊரில் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட தூள் வைக்க வேண்டாம் என்பதே எம் அனுபவம்.

வாங்கிய மிளகாயை வறுக்குமுன் காம்பு கிள்ளி, சிலவற்றைப் பிய்த்து உள்ளே பாருங்கள். கறுத்ததையும் சாம்பல் படிந்ததையும் ஒதுக்குங்கள். ஒதுக்கியவை கைப்பிடிக்கு மேல் இருந்தால் முழுவதையும் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள், வெட்கப்பட வேண்டாம். நல்லவற்றைச் சுளகில் பரப்பி, அடுப்புக்கு மேலே விறகு காயும் பரணில் இரண்டு இரவு வையுங்கள். பச்சை விறகு எரிக்கும் வீட்டில் இது சரிவராது, புகை நாற்றம் ஏறிவிடும். மிளகாயைக் காதருகே குலுக்கினால் விதை கலகலக்க வேண்டும். அதுவே அடையாளம்.

வறுக்கும்போது எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டுவதுதான் நாம் கண்ட பெரிய பிழை. மல்லி வெடித்து மணக்கும்வரை தாங்கும். சீரகத்துக்கு அதில் பாதி நேரம் கூடத் தேவையில்லை. வெந்தயம் பொன்னிறத்தைத் தாண்டினால் முழுத் தூளும் கசக்கும். எசாயா ஆகமத்தின் 28ஆம் அதிகாரத்தில் சீரகத்தைப் போரடிக்கும் வண்டிச் சில்லில் போடாமல் கோலால் அடித்தெடுப்பதும், தானியத்துக்கு வேறு முறை இருப்பதும் பேசப்படுகிறது. பழைய காலத்து விவசாயிக்கும் இது தெரிந்திருக்கிறது.

மஞ்சள் துண்டை முதலிலேயே தட்டிச் சிறு துண்டாக்கி லேசாகச் சூடுகாட்டுங்கள். மிளகாயைக் கடைசியில், இளம் நெருப்பில், அரைத் தேக்கரண்டி எண்ணெய் விட்டு வறுத்தால் நெடி சற்றுக் குறையும். லயத்தில் ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் அடுத்த காம்பராவிலும் தும்முவார்கள். முன்கூட்டிச் சொல்லிவிடுவது அயலவருக்குச் செய்யும் மரியாதை. கறிவேப்பிலை கையால் நொறுங்கும்வரை வறுபட வேண்டும். அதில் மிஞ்சும் ஈரமே பல பேணித் தூளைக் கெடுத்திருக்கிறது.

வறுத்த சரக்கை ஆறவிட வேண்டும், ஆனால் இரவு முழுவதும் திறந்து வைக்கலாகாது. இங்குள்ள காற்றிலேயே தண்ணீர் இருக்கிறது. காலையில் எல்லாம் மறுபடி நமத்துப்போயிருக்கும். காலையில் வறுத்து, ஆறியதும் அன்றே இடித்துவிடுங்கள். இடித்த சூட்டுடன் பேணியில் அடைத்தால் மூடியில் நீர் கோர்க்கும். தை முதல் மாசி முடியும்வரை இந்தப் பக்கத்தில் மழை குறைவு. ஒரு தடவை கூடுதலாகச் செய்ய விரும்புவோர் அந்த நாட்களைத் தெரிந்துகொள்ளலாம்.

மில்லில் அரைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உங்களுக்கு முன்னால் யாருடைய சரக்கு அரைபட்டதோ, அதன் மிச்சம் உங்கள் தூளில் வந்து சேரும். முதலில் ஒரு பிடி அரிசியைப் போட்டு ஓடவிடச் சொல்லுங்கள். அந்த அரிசி மாவை வீசிவிடலாம்.

ஊர் மாறியபோது சரக்கையும் முறையையும் மாற்றிக்கொண்டவர்கள் நாம் மட்டுமல்லர். நம் முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்காகக் கடல் கடந்து மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த அதே காலத்தில், வேறு தமிழர்கள் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறினார்கள். 1848இல் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை ஒழிக்கப்பட்டதும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 'ஒரேலி' என்னும் கப்பல் 1853இல் மார்த்தினிக் தீவுக்கும், 1854இல் குவாதலூப் தீவுக்கும் முதல் தொகுதியினரைக் கொண்டுபோய் இறக்கியது. இன்று அங்குள்ள அவர்களின் வழிவந்தோர் தமிழ் பேசுவதில்லை. பிரெஞ்சும் கிரியோல் மொழியும் பேசுகிறார்கள். ஆனால் அத்தீவுகளில் எல்லா இனத்தவர் சமையலறையிலும் 'கொலொம்போ' என்னும் தூள் இருக்கிறது. மல்லி, சீரகம், வெந்தயம், கடுகு, மிளகு, மஞ்சள். சிலர் வறுத்த அரிசியும் சேர்த்து இடிப்பார்கள். அந்தத் தூள் போட்டுச் சமைத்த ஆட்டிறைச்சிக் கறிக்கும் கொலொம்போ என்றே பெயர்.

கொழும்பு நகரத்தின் பெயரே அது என்பார் உளர். நம் 'குழம்பு' என்ற சொல்தான் அப்படித் திரிந்தது என்பாரும் உளர். எமக்கு இரண்டாவதே பொருத்தமாகப் படுகிறது. கப்பல் புறப்பட்டது கொழும்பிலிருந்து அல்ல, கறிக்கும் அதே பெயர் இருக்கிறது. மொரீசியசில் அம்மிக்குக் கிரியோல் மொழியில் 'றொஸ் காரி', அதாவது கறிக்கல், என்று பெயர். ரியூனியன் தீவில் நம் மசாலா 'மசாலே' ஆகியிருக்கிறது. அந்த வறுத்த அரிசி நமக்கும் புதிதல்ல. ஒரு பிடி சேர்த்து இடித்தால் தேங்காய்ப்பால் குறைந்த நாளிலும் குழம்பு தடிக்கும். தேங்காய் விற்கும் விலையில் இது சிறிய உதவியல்ல.

தூளாக வாங்குவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2020இல் மஞ்சள் இறக்குமதி தடைப்பட்டு, கிலோ பல ஆயிரம் ரூபாவுக்கு ஏறியபோது மஞ்சளில் மாவைக் கலந்து விற்றவர்கள் இருந்தார்கள். மாவோடு நின்றால் நட்டம் மட்டுமே. பங்களாதேசத்தில் மஞ்சளுக்கு நிறம் ஏற்ற ஈயம் கலந்த சாயம் பூசப்பட்டதை 2019இல் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பது. அங்கே அரசு நடவடிக்கை எடுத்தது. நாம் செய்யக்கூடியது: மஞ்சளை விரலாக, மல்லியை விதையாக, மிளகை மணியாக வாங்குவது. முழுச் சரக்கில் கலப்படம் கண்ணுக்குத் தெரியும். கண்ணைப் பறிக்கும் மஞ்சள் நிறத்தில் துண்டு இருந்தால் தேய்த்துப் பாருங்கள். நிறம் கையில் பொடியாக ஒட்டினால் வாங்க வேண்டாம்.

ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து அட்டனிலோ நாவலப்பிட்டியிலோ மொத்தமாக வாங்கிப் பங்கிட்டால் விலை குறையும். விற்பனைக்குச் செய்யலாமா என்று சில பெண்கள் கேட்டார்கள். செய்யலாம். ஆனால் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் வீட்டில் செய்து விற்பவரையும் கட்டுப்படுத்தும். முதலில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் பேசிவிட்டே பைக்கற் கட்டத் தொடங்குங்கள். அதற்கு முன் ஒரு மழைக்காலம் முழுவதும் சொந்த வீட்டில் செய்து, தூள் கெடாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

அந்தத் தாய் இப்போது ஜாம் போத்தல்களில் தூள் வைத்திருக்கிறார். ஒன்று அன்றாடப் பாவனைக்கு, மற்றவை இறுக மூடியபடி பெட்டிக்குள். சோறு கொதிக்கும் ஆவி படும் தட்டில் வைப்பதில்லை, ஈரக் கரண்டி விடுவதில்லை. அரிதட்டில் மிஞ்சும் கப்பியை அவர் எறிவதில்லை. துணியில் முடிந்து, புளியும் பூண்டும் போட்டு அன்றிரவே ரசத்தில் கொதிக்கவிடுகிறார்.