தண்டிக்கும் நீதியும் சீரமைக்கும் நீதியும்

குற்றம் என்பது அரசின் சட்டத்தை மீறிய செயல் என்பது தண்டனை நீதியின் அடிப்படை. எந்தச் சட்டம் மீறப்பட்டது, மீறியவர் யார், அவருக்கு என்ன தண்டனை என்பதே அதன் விசாரணை. சீரமைப்பு நீதி பாதிக்கப்பட்டவரிடமிருந்து தொடங்குகிறது. அவருக்கு நேர்ந்த இழப்பு என்ன, அதை யார் எப்படி ஈடுசெய்வது என்று கேட்கிறது.

மலாக்காவின் ஜாசின் பக்கத்தில் செம்பனைத் தோட்டத் தொழிலாளி ஒருவரின் மோட்டார் சைக்கிளை 17 வயதுப் பையன் திருடிவிட்டான் என்று கொள்வோம். மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 379ஏ பிரிவு வாகனத் திருட்டுக்கு ஓராண்டு முதல் ஏழாண்டு வரை சிறை விதிக்கிறது. சிறுவன் என்பதால் வழக்கு சிறார் நீதிமன்றத்துக்குப் போகும். வண்டிக்காரர் அங்கே ஒரு சாட்சி, அவ்வளவுதான். தவணை கட்டி முடியாத வண்டி அது. விடியுமுன் வேலைக்காட்டுக்கு அவர் எப்படிப் போகிறார், போலீஸ் நிலையத்துக்கு அலைந்ததில் எத்தனை நாள் சம்பளம் போனது என்பதெல்லாம் வழக்கின் மையத்துக்கு வருவதே இல்லை.

சீரமைப்பு முறையில் பையனும் பெற்றோரும் வண்டிக்காரரும் ஒரு நடுவர் முன் உட்காருவார்கள். பையன் தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வண்டிக்காரர் மனமுவந்து வர வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் கூட்டம் நடக்காது. கனடாவின் கிட்சனர் பகுதியில் 1974இல் சொத்துகளைச் சேதப்படுத்திய இரு இளைஞர்களை வீடு வீடாக அனுப்பி, பாதிக்கப்பட்டவர்களைச் சந்திக்க வைத்தது இந்த முறையின் நவீனத் தொடக்கமாகச் சொல்லப்படுகிறது. மாவோரி மக்களின் மரபையும் உள்வாங்கி, நியூசிலாந்து 1989இல் குடும்பக் கூட்டங்களைச் சிறார் சட்டத்திலேயே சேர்த்தது.

மலாக்காத் தமிழருக்குக் கூடி உட்கார்ந்து பேசுவது புதிதல்ல. 1896இல் தோட்ட முதலாளி டான் சாய் யான் இங்கே புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். புக்கிட் அசஹானிலும் பிற இடங்களிலும் தோட்டங்கள் பெருகின. தமிழர்கள் நிறைந்த லயங்களில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில், கள்ளுக்கடைச் சண்டை, கோழித் திருட்டு, புருஷன் பெண்டாட்டித் தகராறு எல்லாம் மாரியம்மன் கோயில் வாசலில் பஞ்சாயத்துக்கு வந்தன. இரு தரப்பும் ஊர் முன்னே பேச முடிந்தது. அடுத்த நாளும் அதே லயத்தில், அதே நிரையில் முகம் பார்த்தாக வேண்டியிருந்ததால் சமாதானத்துக்குப் பெறுமதி இருந்தது.

அதற்காகப் பஞ்சாயத்தெல்லாம் சீரமைப்பு நீதி என்று சொல்லிவிட முடியாது. பல இடங்களில் அபராதம் கோயில் நிதிக்குப் போனது. கோழியைப் பறிகொடுத்தவளுக்கு அதில் என்ன கிடைத்தது? பெண்களின் பேச்சு எடுபடவில்லை. சாதியும் கங்காணியின் செல்வாக்கும் தீர்ப்பில் கலந்தன. வேலையோடு வீட்டையும் பறிக்கக்கூடிய நிர்வாகம் எல்லாவற்றுக்கும் பின்னால் நின்றது. தோட்டங்கள் கைமாறி, குடும்பங்கள் பட்டணத்து மலிவு விலை அடுக்ககங்களுக்குச் சிதறியபோது அந்த வாசலும் போய்விட்டது. வழிதவறிய பிள்ளை நேராகப் போலீசைத்தான் சந்திக்கிறான்.

மலாக்காவின் தெலோக் மாஸில் சிறைத்துறை நடத்தும் ஹென்றி கர்னி பள்ளி இருக்கிறது. குற்றம் செய்த சிறுவர்களை நீதிமன்றம் அங்கே அனுப்புகிறது. கல்வியும் கைத்தொழிலும் கற்றுத் தருகிறார்கள். சிறையைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் இதுவும் குற்றவாளியைத் திருத்தும் வழியே தவிர, வண்டியை இழந்தவருக்கு இதில் இடமில்லை.

மலேசியச் சட்டத்தில் சீரமைப்பின் கூறுகள் உதிரியாக உண்டு. 2001ஆம் ஆண்டு சிறார் சட்டப்படி பெற்றோரை இழப்பீடு கட்டச் சொல்லலாம். 2016 திருத்தம் சமூகச் சேவை ஆணையைச் சேர்த்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 260ஆம் பிரிவு, சிறு காயம் போன்ற குற்றங்களில் பாதிக்கப்பட்டவர் சமரசமாகப் போக இடம் தருகிறது. 426ஆம் பிரிவு இழப்பீட்டுக்கு உரியது. தண்டனை விதிக்கப்படும் முன் பாதிக்கப்பட்டவர் தன் பாதிப்பைச் சொல்லும் உரிமை 183ஏ பிரிவில் உள்ளது. ஆனால் பையனையும் வண்டிக்காரரையும் எதிரெதிரே உட்காரச் செய்வது இவற்றில் எதுவுமில்லை.

எல்லாக் குற்றத்துக்கும் சீரமைப்பு முறை பொருந்தாது. அடித்த கணவனோடு "சமாதானமாகப் போம்மா" என்று ஒரு பெண்ணை நெருக்குவது பழைய பஞ்சாயத்தின் கொடுமையைத் திரும்பக் கொண்டுவருவதாகும். அங்கே பாதுகாப்பு ஆணையும் வழக்கும்தான் முதலில் வர வேண்டும். வாகனத் திருட்டு, சொத்துச் சேதம், சிறுவர் அடிதடி போன்றவற்றில் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்: எவ்வளவு பணம், எத்தனை மணி நேர வேலை, எந்தத் தேதிக்குள். சொன்னதைப் பையன் செய்யாவிட்டால் வழக்கு மீண்டும் நீதிமன்றத்துக்கே போகும்.