உஷார்! கீஸருக்குள் மாட்டுவது எந்த ஸ்டீல்?

குளியலறைக் குழாயைத் தொட்டதும் ‘சுருக்’கென்று இழுக்கிறதா? கீஸரைப் போட்ட சில நிமிடங்களில் மெயின் டிரிப் ஆகி, கீஸரை அணைத்ததும் எல்லாம் சரியாகிவிடுகிறதா? அப்படியென்றால் இந்தக் கட்டுரை காத்திருக்கட்டும். ஈரக் கையைத் துடைத்துவிட்டு, கீஸருக்கான எம்.சி.பி.யை இறக்கிவிட்டு வாருங்கள்.

இறக்கியாயிற்றா? பெரும்பாலும் இதில் குற்றவாளி, மெக்கானிக்குகள் ‘காயில்’ என்று சொல்லும் எலிமென்ட். அதன் நடுவில் 230 வோல்ட் ஓடும் நிக்ரோம் கம்பிச் சுருள். அதைச் சுற்றி இறுக்கித் திணித்த மெக்னீசியம் ஆக்சைடு தூள். இது சூட்டைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. வெளியே ஒரு உலோகக் குழாய் உறை. அதன் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. நீங்கள் குளிக்கும் தண்ணீருக்கும் 230 வோல்ட்டுக்கும் நடுவில் இருப்பது இவ்வளவுதான். உறையில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை விழுந்தால் போதும், தூள் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஈரமான தூள் மின்சாரத்தைத் தடுக்காது. ஆனால் கம்பி அறுந்திருக்காது, தண்ணீர் வழக்கம்போலச் சுடும். பழுதான பொருள் வேலை செய்துகொண்டே இருக்கிறது என்பதுதான் இதில் பயங்கரம்.

அந்தத் துளை எப்படி விழுகிறது? “எல்லாம் எஸ்.எஸ். தான் சார், துருவே பிடிக்காது” என்று சொல்லி மாட்டிவிட்டுப் போனார்களே, அங்கேதான் விஷயம். 10.5 சதவீதத்துக்குக் குறையாமல் குரோமியம் இருந்தால் எந்த இரும்புக் கலவையும் ஸ்டெயின்லெஸ் என்ற பெயருக்குத் தகுதி பெற்றுவிடும். அந்தப் பெயருக்குக் கீழே பலவகைச் சரக்கு உண்டு. 304 என்பதில் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 316 என்பதில் நிக்கல் இன்னும் கூடுதல், அதோடு 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம். உப்பை எதிர்த்து நிற்க வைப்பது அந்த மாலிப்டினம். 201, 202 போன்ற 200 வரிசையிலோ விலை கூடிய நிக்கலைக் குறைத்து, அந்த இடத்தில் மாங்கனீசைப் போட்டிருப்பார்கள். நம் பாத்திரக் கடைகளில் புழங்கும் ஜே-4 இன்னும் சிக்கனம். அதில் நிக்கல் ஒரு சதவீத அளவுக்குத்தான்.

200 வரிசையைப் போலி என்று திட்ட மாட்டேன். சாப்பிட்டு, கழுவி, துடைத்துக் கவிழ்க்கும் தட்டுக்கும் டம்ளருக்கும் அது தாராளமாகப் போதும். ஆனால் அதே ஸ்டீலை உப்புத் தண்ணீருக்குள் மூழ்கவைத்து, தினமும் கொதிக்கவைத்து, அதன் உள்ளே மின்சாரத்தையும் ஓடவிட்டால்? மலிவான எலிமென்ட்களில் 201 உறை வருகிறது. கடைக்காரருக்கே அது தெரியாமல் இருக்கலாம். அவருடைய டப்பாவிலும் ‘எஸ்.எஸ்.’ என்றுதானே அச்சடித்திருக்கிறது!

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காப்பது அதன் மேல் தானாகப் படியும் குரோமியம் ஆக்சைடு படலம். கண்ணுக்குத் தெரியாத மெல்லிசு. கீறினால் ஆக்சிஜனைப் பிடித்துத் தன்னைத்தானே மூடிக்கொள்ளும். அந்தப் படலத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைப்பது தண்ணீரில் உள்ள குளோரைடு. போர் தண்ணீர் என்றால் எலிமென்ட் மேல் வெள்ளையாகச் சுண்ணாம்பு கட்டும். அந்தப் படிவுக்கு அடியில் சூடு கூடுகிறது, குளோரைடு தேங்கிச் செறிகிறது, ஆக்சிஜனும் போய்ச் சேருவதில்லை. படலம் உடைந்தால் மறுபடி மூடிக்கொள்ள வழியில்லை. ஒரே இடத்தில் குடைந்துகொண்டே போகும். பார்வைக்கு முழு உறையும் பளபளப்பாக இருக்க, ஒரு புள்ளியில் மட்டும் பொத்தல் விழுந்திருக்கும்.

304 கூட இங்கே சர்வரோக நிவாரணி அல்ல. ஆறிய தண்ணீரிலேயே லிட்டருக்கு சுமார் 200 மில்லிகிராம் குளோரைடு வரைக்கும்தான் 304-ஐ நம்பலாம், சுமார் 1000 வரைக்கும் 316-ஐ நம்பலாம் என்பது பொறியாளர்கள் வழக்கமாகக் கைக்கொள்ளும் கணக்கு. சூடு ஏற ஏற இந்த வரம்பு இறங்கும். 60 டிகிரியைத் தாண்டினால், வளைத்த இடத்திலும் வெல்டிங் அருகிலும் 304 விரிசல் விடும் அபாயமும் சேர்ந்துகொள்ளும். சரி, நம் குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 என்ன சொல்கிறது? 250 மில்லிகிராம் வரை குளோரைடு இருக்கலாம். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 1000 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதாவது நீங்கள் குடிக்கத் தகுந்த தண்ணீரே உங்கள் எலிமென்ட்டுக்கு ஆகாமல் போகலாம். சிறுவாணித் தண்ணீர் வரும் கோவை வீட்டில் ஒழுங்காக உழைக்கும் அதே எலிமென்ட், ராமநாதபுரத்துக் கிணற்று நீரிலோ கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்துப் போர் நீரிலோ என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆர்.ஓ. விற்க வருபவர் பேனா போன்ற ஒரு கருவியை டம்ளரில் விட்டு எண் காட்டுவாரே, அது மொத்த உப்பின் அளவு. குளோரைடு எவ்வளவு என்பதை அது சொல்லாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதித்தால் தெரிந்துவிடும்.

அடுத்த ஏமாற்று, காந்தம். “ஒட்டுது பாருங்க, இது டூப்ளிகேட், இது ஒட்டலை, அசல்” என்று செய்து காட்டுவார்கள். நம்பாதீர்கள்! 201, 202, ஜே-4 எதிலுமே காந்தம் பெரிதாக ஒட்டாது. மாறாக, நல்ல 304 குழாயை ‘யு’ வடிவில் வளைத்தால் வளைவில் லேசாக ஒட்டவும் கூடும். அந்தச் சோதனையை நம்பினால் நல்லதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மட்டமானதைக் காசு கொடுத்து வாங்கி வருவீர்கள். பளபளப்பையும் பார்க்க வேண்டாம். உப்பு நீருக்குத் தோதான இன்கொலாய் 800 என்ற உலோகக் கலவையில் செய்த உறைகள் பல, கறுத்து மங்கித்தான் இருக்கும்.

உலோக வியாபாரிகளிடம் சொட்டு விடும் சோதனை ஒன்று உண்டு. ஸ்டீல் மேல் ஒரு சொட்டு ரசாயனம் விட்டு 9 வோல்ட் பேட்டரியைத் தொட்டால், மாங்கனீசு மிகுந்த 200 வரிசையில் அந்த இடம் சிவக்கும். 304-ஐயும் 316-ஐயும் பிரித்துக் காட்ட இது உதவாது. அதற்கு மாலிப்டினம் காட்டும் வேறு திரவமோ, பழைய இரும்புக் கடைக்காரர்கள் சிலர் வைத்திருக்கும் எக்ஸ்ரே துப்பாக்கியோ வேண்டும். வீட்டுக்காரர் கையில் உள்ள ஆயுதம் பில்தான். ‘எஸ்.எஸ். எலிமென்ட்’ என்று எழுதினால் வாங்காதீர்கள். போர் தண்ணீர் என்றால் ‘316எல்’ அல்லது ‘இன்கொலாய் 800’ என்று கிரேடோடு எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த ‘எல்’ கார்பன் குறைவு என்பதற்கான அடையாளம். வெல்டிங் ஓரம் அரிக்காமல் இருக்க அது தேவை. இந்த வகை எலிமென்ட்டுக்கான தரம் ஐ.எஸ். 4159, அந்த எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். கிரேடைக் கேட்டதும் முகம் சுளிக்கும் கடையில் ஏன் நிற்கிறீர்கள்?

சுண்ணாம்பு எடுக்கிறேன் என்று டாய்லெட் ஆசிட்டை ஊற்றுபவர்களும் உண்டு. அது ஹைட்ரோகுளோரிக் அமிலம், அதாவது குளோரைடேதான். 316-ஐயும் அது விடாது. சிட்ரிக் அமிலம் கரைத்த தண்ணீரில் ஊறவைத்தால் போதும். எனாமல் பூசிய டேங்க் என்றால் கூடவே இருக்கும் மெக்னீசிய அனோடு கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள். அது டேங்குக்குப் பதிலாகத் தான் கரைவதற்காகவே வைத்தது. கரைந்து தீர்ந்திருந்தால் புதிது போட வேண்டும்.

எல்லாவற்றையும்விட என்னைக் கலங்க வைப்பது இன்னொன்று. கீஸர் போட்டால் ஆர்.சி.சி.பி. டிரிப் ஆகிறது, எலக்ட்ரீஷியன் வருகிறார், “இதுதான் சார் தொந்தரவு” என்று ஆர்.சி.சி.பி.யைத் தவிர்த்து நேரடியாக இணைத்துவிட்டுப் போகிறார். அது தொந்தரவு அல்ல! 30 மில்லி ஆம்பியர் கசிந்ததுமே மின்சாரத்தைத் துண்டித்து உங்கள் உயிரைக் காப்பாற்றிய கருவி அது. எம்.சி.பி. இருக்கிறதே என்று சமாதானம் சொல்லாதீர்கள். ஓவர்லோடும் ஷார்ட்டும்தான் அதன் வேலை, ஆளுக்கு ஷாக் அடிப்பது அதற்குத் தெரியாது. எர்த் சரியாக இருக்கிறதா என்பதையும் அன்றே மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

புது எலிமென்ட் மாட்டியதும் ஸ்விட்ச் மேல் கை போக வேண்டாம். வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, காற்றுக் குமிழ் நின்று தண்ணீர் சீராகக் கொட்டும்வரை விடுங்கள். காலி டேங்கில் சூடேறினால் எந்த கிரேடும் தாங்காது.