கிளஸ்டர் மாறினால் கோப்பும் மாறணும்

2025-இல் மோங்கோடிபி அட்லஸ், எம்2, எம்5, சர்வர்லெஸ் வகைகளுக்கு விடைகொடுத்து ‘ஃபிளெக்ஸ்’ என்ற வகையைக் கொண்டுவந்தது. இருப்பவற்றை நிறுவனமே மாற்றித் தந்தாலும், நம் பிள்ளைகள் எழுதிவைத்த டெராஃபார்ம் கோப்பு தானாக மாறாது. பழைய பெயரை அடித்து ஃபிளெக்ஸ்னு எழுதினால் போதும்னு தோணும், ஆபத்தே அங்கேதான்! பெயர் காணாமல் போனால், ‘இது வேண்டாமாம்’ என்று கருவி புரிந்துகொள்ளும். பழைய கிளஸ்டரை அழித்து, காலியான புதியதைக் கட்டத் திட்டமிடும். தரவு அதோடு போச்சு.

ஆகவே, கருவியின் ‘ஸ்டேட்’ பதிவிலிருந்து மட்டும் பழையதை விடுவித்து, ஓடிக்கொண்டிருக்கும் கிளஸ்டரையே ‘இம்போர்ட்’ கட்டளையால் ஃபிளெக்ஸாகச் சேர்க்கணும். பின் ‘பிளான்’ ஓட்டிப் பாருங்கள். ‘டெஸ்ட்ராய்’ என ஒரு வரி தென்பட்டாலும் ‘அப்ளை’ கொடுக்காதீங்க. ஃபிளெக்ஸில் இடம் 5 ஜிபிதான். அதற்கு மேல் வேண்டுவோருக்கு எம்10 போன்ற தனிக் கிளஸ்டர்தான் வழி.