உங்களுக்குத் தெரியுமா? விளக்கு வைக்காமல் ஒளிர்ந்த நிலா

1880-இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஒரே ஓர் ஓவியத்துக்காக ஒரு கண்காட்சி நடந்தது. ஆர்ஹிப் குயின்ஜி வரைந்த ‘நீப்பர் நதியில் நிலவிரவு’தான் அது. ஜன்னல்களைத் திரையிட்டு மூடி, ஓவியத்தின் மேல் மட்டும் விளக்கொளி விழச் செய்திருந்தார். முழுநிலா அப்படி ஜொலித்ததாம். பின்னால் விளக்கு ஏதும் ஒளித்து வைத்திருக்கிறார்களோ என்று எட்டிப் பார்த்தவர்களும் உண்டு!

வானத்தையும் கரையையும் அவ்வளவு ஆழ்ந்த கருமையில் அமிழ்த்தியிருந்தார். சின்னஞ்சிறு நிலாவையும், நதியில் விழுந்த அதன் பசும் ஒளியையும் பற்றியெரிய வைத்தது அந்த இருட்டுதான்.

வருத்தம் என்னவென்றால், அவர் கலந்த நிலக்கீல் சாயம் நாளாக ஆகக் கறுக்கும் இயல்புடையது. இன்று ரஷ்ய அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த இரவு, அன்று மக்கள் கண்டதைவிட இருண்டது.